மாமனார் பேரைச் சொன்னவள்

விருந்துச் சாப்பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டதற்காக மாபேலேயின் வயல் கல் குவாரியாகப் போக இருந்தது. சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இவ்வளவுதான். விரித்துச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். வரட்டும், பரவாயில்லை.

மாபேலேக்கு அறுபத்திரண்டு வயது. எங்கள் மலைக் கிராமம் கோகோல்வேனியில் ஆற்றுக்கு மேலே மூன்று வட்ட வீடு, ஒரு மாட்டுப் பட்டி, பட்டிச் சுவரை ஒட்டி இரண்டு கல்லறை. கீழே சரிவில் வயல். மக்காச்சோளம், நடுவே பூசணி, ஓரத்தில் மொச்சை. அவளுக்கு அப்பன் வைத்த பேர் ஒன்று, கல்யாணத்தன்று மாமியார் வைத்த நோஃபெசிலே என்ற பேர் ஒன்று. ஊரில் யாரும் இரண்டையும் கூப்பிடுவதில்லை. பேலே குலத்துப் பெண், அதனால் மாபேலே. எங்களில் பெண்ணை எங்கே கட்டிக்கொடுத்தாலும் பிறந்த குலம் அவள் கூடவே போகும். வாழ்க்கைப்பட்டது காத்யேனி குலத்தில். அந்தக் குலத்து ஆண்களை மரியாதையாகக் கூப்பிட வேண்டுமென்றால் 'மமாலி' என்று கூப்பிடுவோம். அது அவர்களுடைய பாட்டன் ஒருவன் பேர்.

புருஷன் வெலாபி பொன் சுரங்கத்தில் இருபத்தேழு வருஷம் பாறையில் துளை போட்டான். நெஞ்சு நிறையத் தூசியோடு திரும்பி வந்தான். நாலு வருஷம் வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து வெயிலில் உட்கார்ந்து இருமினான். பட்டிச் சுவரை ஒட்டிய இரண்டாவது கல்லறை அவனுடையது. முதலாவது அவன் அப்பாவுடையது.

அந்த அப்பாவின் பேரை மாபேலே சொல்ல மாட்டாள். புருஷன் வீட்டு மூத்த ஆண்களின் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பேரை மட்டும் இல்லை, பேருக்குள் இருக்கும் வார்த்தையையும் சொல்லக் கூடாது. அந்தக் கிழவன் பேருக்குள் 'இம்வுலா' இருந்தது, எங்கள் மொழியில் அது மழை. அதனால் கல்யாணமான நாளிலிருந்து நாற்பத்திரண்டு வருஷமாக மாபேலே மழை என்று சொன்னதில்லை. "மேலேருந்து விழுறது வரும்போல இருக்கு, சோளத்த உள்ள எடுங்கடி" என்பாள். கூரை ஒழுகினால் "விழுறது உள்ள வந்துடுச்சு" என்பாள். ஊரே அவள் வாய்க்குப் பழகிப்போய்விட்டது.

இனி அந்தப் பணக்காரனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பந்துபோன்கே சோதாஷே. செய்தித்தாளில் படம் வரும். சுரங்கப் பங்கு, லாரிக் கம்பெனி, தார் போடும் கம்பெனி. ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு வீடு, கடலோரத்தில் ஒரு வீடு, எங்கள் ஊர் மேட்டில் ஒரு வீடு. மேட்டு வீட்டுக்குப் பத்து ஜன்னல், வருஷத்தில் பத்து நாள்தான் திறக்கும்.

எங்கள் ஆட்களில் பணக்காரன் எப்படி முளைத்தான் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ரகசியம் ஒன்றும் இல்லை. நூறு வருஷமாக எங்கள் மலைகள் ஏற்றுமதி செய்தது ஆண்களைத்தான். வெள்ளைக்காரர்கள் வரி போட்டு, ஆடுமாட்டைக் குறைத்து, வேறு வழியில்லாமல் ஆக்கி, ரயில் ஏற்றிச் சுரங்கக் குழிக்குள் இறக்கினார்கள். நூறு பேர் இறங்கினால் ஒருவன் மேலே, ஆபீஸில் இருப்பான். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படித்தவன், இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவன். தொழிலாளர் சங்கம் வந்தபோது அவனே சங்கத்துக்கும் கடிதம் எழுதினான். தொண்ணூற்றி நாலில் வெள்ளையர் ஆட்சி போனதும் வெள்ளைக் கம்பெனிகளுக்குத் திடீரென்று ஒரு கறுப்பு முகம் தேவைப்பட்டது. குழிக்குள் இருக்கும் முகத்தையா தேடுவார்கள்? கடிதம் எழுதின முகத்தைத்தான் கூப்பிட்டார்கள். சோதாஷேயைக் கூப்பிட்டார்கள். போனான். அவனும் நானும் சங்க ஆபீஸில் ஒரே மேசையில் உட்கார்ந்து விடிய விடியத் துண்டறிக்கை மடித்தவர்கள். போகும்போது "உள்ளேருந்து மாத்தலாம்ணே" என்றான். உள்ளே போனவன் என்ன மாறினான் என்று எங்களுக்குத் தெரியும். உள்ளே என்ன மாறியது என்று இன்றுவரை தெரியவில்லை.

அவனும் காத்யேனி குலம். அப்பா சுரங்கத்தில் பாறை சரிந்து செத்துப்போக, மாபேலேயின் மாமனார் அவனைக் கொண்டுவந்து வீட்டில் வைத்து வளர்த்தார். மாபேலே புது மருமகளாக வந்தபோது அவனுக்குப் பதின்மூன்று வயது. காலையில் அவனுக்குச் சோளக்களி கிண்டி, புளித்த பால் ஊற்றிக் கொடுத்தவள் அவள்தான். அவன் சும்மா சாப்பிட மாட்டான்.

"அண்ணி, வெளிய சத்தம் கேக்குதே, என்னது அது? என்னமோ பெய்யுதே?"

"விழுறது விழுது. நீ சாப்பிடு."

"என்ன விழுது? கல்லா? எருமையா? பேர் இருக்குமில்ல அதுக்கு?"

"உங்க அண்ணன் வரட்டும், உன் முதுகுல என்ன விழுதுன்னு காட்டச் சொல்றேன்."

வீடே சிரிக்கும். மாமனாரும் புகைக்குழாயைக் கடித்துக்கொண்டு சிரிப்பார். புது மருமகளை இப்படிச் சிக்கவைத்துப் பார்ப்பது எங்கள் வீடுகளில் பொடியன்களுக்கு விளையாட்டு. அவள் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. இதை மாபேலேயே பெருமையாகச் சொல்வாள்.

போன வருஷம் குளிர்காலத்தில் சோதாஷே முன்னோர்களுக்கு நன்றி சொல்லும் விருந்து வைத்தான். மூன்று காளை. விருந்து என்றால் சோளக் கள் வேண்டும். கள் காய்ச்சுவது குலத்து மருமகள்களின் வேலை. மாபேலேதான் அந்தக் குலத்தில் மூத்த மருமகள். நாலு நாள் முன்னாலிருந்தே முளைகட்டின சோளத்தை அரைத்து, பீப்பாயில் ஊற்றி, ராத்திரி எழுந்து எழுந்து போர்வை போர்த்தி, வடிகட்டி, அறுநூறு பேருக்குக் கள் தயார் பண்ணினாள். யாரும் கூலி பேசவில்லை. கொழுந்தன் வீட்டு விருந்துக்குக் கூலி பேசுவார்களா?

வாசலில் உம்டாட்டா டவுனிலிருந்து வந்த இரண்டு பெண்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நீளத் தாள். பேர், வீட்டு எண், கையெழுத்து.

"எதுக்கும்மா இது?" என்று கேட்டவள் மாபேலேதான்.

"எத்தன பேருன்னு தெரிஞ்சாத்தானேம்மா கறி பத்தும்."

நியாயமாகப்பட்டது. மாபேலே போட்டாள். போட்டுவிட்டு, வாசலில் தயங்கி நின்ற பெண்களையும் அதட்டினாள். "போடுங்கடி, போட்டுட்டு உள்ள வாங்க. என்னமோ கல்யாண ரிஜிஸ்டர் மாதிரி முழிக்கிறாளுங்க." எங்கள் ஊரில் விருந்து வீட்டு வாசலில் நீட்டிய தாளைப் படித்துப் பார்க்கிறவன் விருந்தாளி இல்லை, போலீஸ்காரன். அதனால் யாரும் படிக்கவில்லை.

நானும் படிக்கவில்லை. நானும் போட்டேன். இருபது வருஷம் ஆட்களிடம் 'படிக்காமல் கையெழுத்துப் போடாதே' என்று மேடையில் கத்தியவன், ஒரு கிண்ணம் கள்ளுக்கும் ஒரு விலா எலும்புக்கும் போட்டேன்.

நாலு மாதம் கழித்துப் பள்ளிக்கூடச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். புதுச் சாலைக்கு ஜல்லி வேண்டும். கோகோல்வேனி சரிவில் குவாரி, கிரஷர். மனுதாரர், சோதாஷேயின் கம்பெனி. ஊர்மக்களைக் கலந்து பேசியாகிவிட்டது, ஆதாரம் இணைப்பில் உள்ளது என்று கீழே போட்டிருந்தது. இணைப்பு என்னவென்று உம்டாட்டாவுக்குப் போய்ப் பார்த்தேன். விருந்துத் தாள். மேலே ஒரு தலைப்பை மட்டும் புதிதாக அச்சடித்திருந்தார்கள். 'கலந்தாய்வுக் கூட்டம், வருகை தந்தோர்.' முதல் பக்கத்தில் ஏழாவது கையெழுத்து மாபேலேயுடையது. அதற்குக் கீழே அவள் அதட்டிப் போட வைத்த பெண்கள் வரிசையாக.

வரைபடத்தில் கிரஷர் மெஷின் நிற்கும் இடத்தில் சிவப்பு மையில் ஒரு கட்டம். அந்தக் கட்டம் மாபேலேயின் வயல்.

திரும்பி வந்து அவளிடம் சொன்னேன். களை எடுத்துக்கொண்டிருந்தாள். மண்வெட்டியை நட்டுவைத்து அதன் மேல் சாய்ந்துகொண்டாள்.

"நான் காய்ச்சின கள்ள ஊத்தி, என் கையாலயே என் வயல எழுதி வாங்கிட்டானா?"

"அப்படித்தான்."

"நல்லாப் படிச்ச பிள்ளைதான்" என்றாள். காலடியில் கிடந்த களையை எடுத்து வரப்பில் எறிந்தாள். பிறகு, "அண்ணே, இந்த வயல் போனா நான் எங்க போவேன்? கேப் டவுன்ல மவன் இருக்கான். தகரக் கொட்டாயில ஒரு கட்டில். அதுல நானும் ஒரு ஓரமாப் படுத்துக்கணும். பட்டிக்குப் பக்கத்துல கெடக்குறாங்களே ரெண்டு பேரு, அவங்கள யாரு பாத்துக்குவா? மெஷினா?"

ஆட்சேபனை எழுதினோம். இருபத்திமூன்று வீட்டுக்கு நானே உட்கார்ந்து எழுதினேன். வழி ஒன்றுதான் இருந்தது. ஆட்சேபிக்கிறவர் தன் நிலம் யார் பேரில் ஒதுக்கப்பட்டது என்று காட்ட வேண்டும். அந்தக் காலத்து ஒதுக்கீட்டுத் தாள்கள் பலரிடம் இல்லை. மாபேலேயுடையது கூரை எரிந்தபோது போய்விட்டது. ஆனால் பழைய மாஜிஸ்திரேட் ஆபீஸ் பதிவேட்டில் எல்லாப் பேரும் இருந்தது. விசாரணைக்கு வரும் அதிகாரி அதைக் கொண்டுவருவார். ஆட்சேபிக்கிறவர் சத்தியம் செய்து பேரைச் சொன்னால், பதிவேட்டில் பார்த்துக்கொள்வார்.

மாபேலேயின் தாளில் 'நிலம் யார் பேரில்' என்ற இடத்துக்கு வந்தபோது அவள் சொன்னாள், "என் வீட்டுக்காரரோட அப்பா பேர்ல." நான் அப்படியே எழுதினேன். பேரை அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம் என்று அடுத்த வீட்டுக்குப் போனேன். நிரப்பவில்லை. மறந்துபோனேன். ஆண்பிள்ளைக்கு அந்தக் கஷ்டம் இல்லை, அதனால் அது நினைவிலும் நிற்காது. இந்தக் கதையில் சோதாஷேயைத் திட்டுகிற வாயால் என்னையும் திட்டிக்கொள்ளத்தான் வேண்டும்.

விசாரணை பள்ளிக்கூட மண்டபத்தில். தகரக் கூரை, காலை பத்து மணிக்கே கொதித்தது. குலத்துப் பெரியவர்கள் முன் பெஞ்சில், தடியை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு. பெண்கள் பின்னால் பாயில். அதிகாரி தூரத்துக் கிம்பர்லிக்காரர். கெட்ட மனுஷன் இல்லை. எங்கள் மொழியை ஒருமாதிரி பேசுவார். எங்கள் வீட்டுப் பழக்கம் எதுவும் தெரியாது. சோதாஷே ஜோகன்னஸ்பர்க் வக்கீலோடு வந்திருந்தான். உள்ளே நுழைந்ததும் பெரியவர்கள் எழுந்து "மமாலி!" என்று குரல் கொடுத்தார்கள். அவன் தொப்பியைக் கழற்றி எல்லோருக்கும் தலை குனிந்தான். மாபேலே பக்கமும் வந்தான்.

"அண்ணி, உடம்பு எப்படி இருக்கு?"

"வயல் இருக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருக்கும் தம்பி."

சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தான்.

ஆண்கள் ஒவ்வொருவராகப் போய், கையை உயர்த்திச் சத்தியம் செய்து, அப்பன் பேர், பாட்டன் பேர் சொன்னார்கள். அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார், குறித்துக்கொண்டார். சுலபமாக நடந்தது. பதினாலாவது மாபேலே. தோளில் கம்பளி போர்த்தி, தலைத்துணியைப் புருவம் வரை இறக்கிக் கட்டியிருந்தாள். குலத்துப் பெரியவர்கள் முன்னால் மருமகள் அப்படித்தான் நிற்க வேண்டும்.

"நிலம் யார் பேரில்?"

"என் வீட்டுக்காரரோட அப்பா பேர்ல, ஐயா."

"அவர் பேர்?"

அப்போதுதான் தாளில் நான் நிரப்பாமல் விட்ட இடம் எனக்கு நினைவு வந்தது.

மாபேலே வாயைத் திறந்தாள், மூடினாள். "வெலாபியோட அப்பா" என்றாள். "மேட்டுல முதல் பட்டி கட்டினவர்" என்றாள். "சாம்பல் குதிரை வெச்சிருந்தாரே, அவர்" என்றாள்.

அதிகாரி பொறுமையாக, "குதிரை இதில் இல்லை அம்மா. பேர்?"

சோதாஷே வக்கீல் பக்கம் சாய்ந்து காதில் ஏதோ சொன்னதை நான் பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். வக்கீல் உடனே எழுந்தான்.

"இந்த அம்மா தன் வாயாலேயே பேரைச் சொல்ல வேண்டும். யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. எழுதிக் காட்டவும் கூடாது. தெரியாவிட்டால், உரிமை இல்லை என்று பதிவு செய்யுங்கள்."

நான் எழுந்து, இது மருமகள் வாயால் சொல்லக்கூடாத பேர், எங்கள் வழக்கம் அப்படி, என்று விளக்கினேன். குரலை உயர்த்தித்தான் விளக்கினேன். அதிகாரிக்குப் புரிந்தது போலத்தான் இருந்தது. அவர் நியாயமாகத்தான் கேட்டார். சோதாஷேயைப் பார்த்து, "நீங்களும் இந்த ஊர்தானே. அப்படி ஒரு வழக்கம் உண்டா?"

களியை வாயில் வைத்துக்கொண்டு "என்ன விழுது அண்ணி, எருமையா?" என்று கேட்டவன் எழுந்து கோட்டைச் சரிசெய்தான்.

"அந்தக் காலத்துல இருந்துச்சுங்க. இப்பல்லாம் யாரு பாக்குறாங்க?"

முன் பெஞ்சில் ஒரு பெரியவரும் வாய் திறக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு காத்யேனி ஆண்கள். அவர்கள் மனைவிகள் எல்லாம் பின்னால் பாயில், புருவம் வரை துணியை இறக்கிக்கொண்டு. அந்தப் பெண்களில் ஒருத்திகூட மாமனார் பேரைச் சொன்னதில்லை. அது அந்த ஆண்களுக்குத் தெரியும். ஆனால் சோதாஷேயின் லாரிகளில் அவர்கள் பிள்ளைகளுக்கு வேலை. தடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுரங்கத்தில் முதலாளியின் அடியாட்களைப் பார்த்திருக்கிறேன், கருங்காலிகளைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு எங்கேயும் வந்ததில்லை.

மாபேலே சோதாஷே பக்கம் திரும்பினாள்.

"தம்பி. யாரும் பாக்குறதில்லன்னு சொல்றே. சரி. உனக்குத் தடையே கிடையாது, நீ ஆம்பள, அவர் கையால வளந்தவன். நீ சொல்லு அந்தப் பேர. ஒரு வார்த்தை. நான் போய் உக்காந்துக்கறேன்."

"அண்ணி, இது சட்டம். நான் எதிர்த்தரப்பு. நான் சொல்லக் கூடாது."

"சட்டம் வந்து உனக்குக் களி கிண்டிப் போட்டுதா?"

பின்னால் பெண்கள் பக்கம் ஒரு முனகல் எழுந்தது. வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ஐயா, நேரம்" என்றான். அதிகாரி பேனாவை எடுத்தார். எடுத்தது எதை எழுத என்று எல்லோருக்கும் தெரிந்தது.

மாபேலே கம்பளியை இழுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். ஜன்னல் பக்கம் திரும்பினாள். அங்கிருந்து பார்த்தால் அவள் வீட்டுப் பட்டி தெரியும். "அப்பா, என் வாயைப் பொறுத்துக்கோங்க. உங்க நிலத்துக்காகத்தான்" என்றாள். பிறகு அதிகாரியைப் பார்த்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவனைக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்.

"சனெம்வுலா!"

பாயில் ஒருத்தி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். முன் பெஞ்சில் மூன்று கிழவர்கள் எழுந்து வெளியே போனார்கள். எதற்கு எழுந்தார்கள் பாருங்கள். குலத்துப் பிள்ளை பொய் சொன்னபோது எழவில்லை. குலத்து மருமகள் உண்மையைச் சொன்னபோது எழுந்தார்கள்.

அதிகாரி பதிவேட்டில் விரலை ஓட்டினார். நிறுத்தினார். "இருக்கிறது. வீட்டு மனையும் வயலும்" என்றார்.

"எழுதிக்கிட்டீங்களா?" என்றாள் மாபேலே. "எழுத்துப் பிழை இருந்தா இப்பவே பாத்துக்கோங்க. இன்னொரு தரம் சொல்ல மாட்டேன்."

அதிகாரி இரண்டு தடவை சரிபார்த்தார். அவள் போய்ப் பாயில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மாபேலேக்குப் பிறகு ஆறு விதவைகள் முறை வந்தது. ஆறு பேரும் எழுந்து, ஆறு மாமனார் பேரையும் சொன்னார்கள். ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள். ஒருத்தி கத்திச் சொன்னாள். வக்கீல் தாள்களைப் பைக்குள் அடுக்கினான். சோதாஷே போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று மாதத்தில் தீர்ப்பு வந்தது. கொண்டாடத் தேவையில்லை. விருந்துத் தாள் செல்லாது என்று சொல்லவில்லை, அதை ஓரமாக வைத்துவிட்டார்கள். குவாரிக்கு அனுமதி உண்டு. ஆனால் நிலம் நிரூபித்த இருபத்திமூன்று வீட்டையும் விட்டு எல்லையை மேற்கே தள்ள வேண்டும். கிரஷரை வயலில் வைக்க முடியாது. மேற்கே யாரும் ஆட்சேபிக்கவில்லை. அங்கே இருக்கிற பதினோரு வீட்டுக்கு நான் போகவில்லை. வரைபடத்தில் அவர்கள் இல்லாததால் போகவில்லை. இப்போது இருக்கிறார்கள். இப்போது போய்க்கொண்டிருக்கிறேன்.

மாபேலேயின் வயல் நின்றது. அதோடு அவளை விட்டார்களா என்றால், இல்லை. குலத்துப் பெரியவர்கள் கூடி அவளைக் கூப்பிட்டனுப்பினார்கள். பெரியவர் சிலும்கோ தொண்டையைச் செருமினார்.

"மாபேலே, நீ நம்ம வீட்டு மூத்த மருமக. சபையில அந்தப் பேரச் சொல்லிட்ட. ஒரு வெள்ளாடு வெட்டி முன்னோருங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

நான் கொதித்துப்போய், யார் யாருக்கு மன்னிப்புக் கேட்பது என்று ஆரம்பித்தேன். மாபேலே கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"அண்ணே, நீங்க வேற குலம். இதுல வராதீங்க. சரி மாமா, வெட்டறேன். உங்களுக்காக இல்ல. நான் அவர்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொன்னேன். அவருக்கு நான் பதில் சொல்லணும்."

சடங்குக்கு நாள் குறித்த காலையில் மேட்டிலிருந்து ஒரு பிக்கப் வண்டி இறங்கி வந்தது. பின்னால் கொழுத்த செம்மறிக் கிடா ஒன்று, கம்பளி கண்ணை மறைத்துத் தொங்கியது. டிரைவர் பெரியவர்கள் முன்னால் வந்து நின்றான்.

"சோதாஷே ஐயா அனுப்பினாங்க. அண்ணியோட குத்தத்துக்கு நானே ஆடு தர்றேன்னு சொன்னாங்க. அண்ணி செலவு பண்ண வேண்டாமாம்."

பெரியவர்களின் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் எழுந்து போய்க் கிடாவின் முதுகை அமுக்கியே பார்த்தார். "பெரிய மனசு மமாலிக்கு" என்றார் சிலும்கோ.

மாபேலே பானையைக் கிளறிக்கொண்டிருந்த கட்டையோடு வந்தாள்.

"ஏம்ப்பா, உங்க ஐயா விசாரணையில என்ன சொன்னாரு? இதெல்லாம் இப்ப யாரும் பாக்குறதில்லன்னு சொன்னாரில்ல? யாரும் பாக்காததுக்கு எதுக்கு ஆடு அனுப்பறாரு?"

டிரைவர் தலையைச் சொறிந்தான். "எனக்கென்னம்மா தெரியும். ஏத்துன்னாங்க, ஏத்தினேன்."

"இறக்காத. திருப்பிக் கொண்டு போ."

"மாபேலே" என்று எழுந்தார் சிலும்கோ, "வந்த ஆட்டைத் திருப்பி அனுப்பறது மரியாதை இல்ல."

"மாமா, குலத்துக்காகப் பேசறீங்களா, கறிக்காகப் பேசறீங்களா? நீங்க என்ன கேட்டீங்க? வெள்ளாடு. அவன் என்ன அனுப்பியிருக்கான்? செம்மறி. செத்தவங்களுக்குச் செம்மறி வெட்டினத எங்கயாவது பாத்திருக்கீங்களா? செம்மறி கழுத்த அறுத்தாலும் சத்தம் போடாது. சத்தம் கேக்காம அவங்க எப்படித் திரும்பிப் பாப்பாங்க? அந்த வீட்டுல வளந்தவனுக்கு இதுகூட மறந்துபோச்சு. இல்ல, மறக்கல, அவனுக்குச் சத்தம் போடாததுதான் புடிக்கும்போல."

கிடாவின் முதுகை அமுக்கியவர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வண்டி வந்த வழியே மேட்டில் ஏறிப்போனது.

மாபேலேயின் வெள்ளாடு பட்டிக்குள் போனது. பெண்கள் பட்டிக்குள் போகக் கூடாது, அவள் சுவருக்கு வெளியே, இரண்டு கல்லறைக்கும் பக்கத்தில் நின்றாள். சிலும்கோ முன்னோர் பேரை வரிசையாகக் கூப்பிட்டார். சனெம்வுலா பேர் வந்ததும் மாபேலே தலையைக் குனிந்தாள். ஈட்டி இறங்கியது. ஆடு கத்தியது. நல்ல தொண்டை அதற்கு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கிற மாதிரி, இரண்டு மூன்று முறை கத்தியது.

"கேட்டுட்டாரு" என்றார் சிலும்கோ. உள்ளே இருந்த ஆண்கள் எல்லோரும் "மமாலி!" என்றார்கள்.

"சரி" என்றாள் மாபேலே, முகத்தைக் கம்பளி ஓரத்தால் துடைத்துக்கொண்டு. "கறிய எடுத்து வைங்க. சீக்கிரம் சாப்பிட்டு எழுந்திரிங்க மாமா. நாளைக்கு எனக்கு உழவு இருக்கு, ரெண்டு ஜோடி மாடு வேணும். இங்க உக்காந்திருக்கிறவங்க மாடுதான் வேணும்."